இரண்டு செல்லுக்கும் சிக்னல் இல்லை

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து, நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே தலைவலி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். தம்பி உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நடுவில் ஒன்றும் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய், உன் அவசரம் எனக்குத் தெரியும். பக்கத்து அறையில்தான் இருக்கிறான், தலையில் முடி இப்போதுதான் பஞ்சு மாதிரி முளைத்திருக்கிறது, யாரும் தொடக்கூடாது என்கிறான். இனிமேல் நிதானமாகப் படி.

போன வாரம் திடீரென்று நெட் திரும்பி வந்தது. எப்படிச் சொல்லாமல் போனதோ அப்படியே சொல்லாமல் வந்தது. நான் கடையில் ஒரு வாத்தியாருடைய கண்ணாடிக்கு லென்ஸ் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், மேஜைமேல் கிடந்த போன் துடிக்க ஆரம்பித்து, நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது. எல்லாம் நீ அனுப்பியவை. செல் ஏத்தியாச்சா என்று கேட்டிருந்தாய், காய்ச்சல் இருக்கா என்று கேட்டிருந்தாய், யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க என்று எழுதியிருந்தாய், கடைசியில் வெறும் அம்மா, அம்மா என்று மட்டும் வரிசையாக இருந்தது. அழுகை வரவேண்டிய இடம்தான். வரவில்லை. வாத்தியார் காத்திருந்தார், அவர் கண்ணாடியை முடித்து, மூக்கில் வைத்துப் பார்த்து, காதுப்பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மறுபடி போனை எடுத்தேன். அப்பா உனக்கு ஒரே வரி போட்டார், தம்பி வீட்டில் இருக்கிறான், கடிதம் வருகிறது என்று. அதைப் பார்த்து நீ எத்தனை தடவை கூப்பிட்டாய் என்பதும் தெரியும், நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் யார் கேட்கிறார்கள், டைப் அடித்தால் யார் படிக்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் நிச்சயமில்லை. அதைவிட, எனக்கு வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை, கை மட்டும் ஓடுகிறது. இதைக் கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிறவரிடம் கொடுத்து வெளியூரில் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் எனக்கு வரிசை வரும். தம்பிக்குப் பிறந்ததிலிருந்து ரத்தம் ஊறாது, மாதாமாதம் யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றித்தான் அவன் பள்ளிக்கூடம் போனான், சைக்கிள் ஓட்டினான், மீசை வைத்தான். ரத்தம் ஊறவைக்கிற அவனுடைய செல்லையே எடுத்து, அதில் இருக்கிற கோளாறை உங்கள் ஊர் லேபில் சரிசெய்து, திரும்ப அவனுக்கே கொடுக்கிற ஆராய்ச்சி நடக்கிறது என்று தேடிப்பிடித்து அவனை அதில் சேர்த்தவள் நீ. சரிசெய்த செல் பனிப்புகை கக்கிக்கொண்டு பால் கேன் மாதிரி ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்ததை உனக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் எலும்புக்குள் இருக்கிற பழசையெல்லாம் அழித்துக் காலிபண்ணுகிற மருந்தை ஆரம்பித்தார்கள். அந்த மருந்து ஏறி முடிந்த பிறகு அவன் உடம்பில் சொந்தமாக ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்ட அறை, இரட்டைக் கதவு, உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் போகவேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருக்கிற போன் வழியாக அவனோடு பேசுவேன். அந்தச் சமயத்தில்தான் ஆற்றுப் பாலம் விழுந்தது. புதுப் பாலம், திறந்து வருஷம்கூட ஆகவில்லை, பஸ்ஸோடு போய்விட்டது. யாரோ கரையில் நின்று படம் எடுத்திருந்தார்கள், தம்பி அதைப் பார்த்துவிட்டு உடனே உனக்கு அனுப்பினான், அதுதான் அவனிடமிருந்து உனக்கு வந்த கடைசி மெசேஜ். ஜனம் தெருவில் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் போனைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வதந்தி பரவாமல் இருக்க நிறுத்தியிருக்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நெட் மட்டும் இல்லை, கைபேசியில் பேசவும் முடியாது. வீட்டு போன், ஆபீஸ் போன் வைத்திருப்பவர்கள் ஊருக்குள்ளே பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து யாரும் கூப்பிட முடியாது.

எனக்கு முதலில் இது நம்மைத் தொடுகிற விஷயம் என்றே தோன்றவில்லை. நெட் இல்லாவிட்டால் உனக்கு மெசேஜ் போடமுடியாது, அதற்கென்ன, இரண்டு நாளில் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். செல் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், குளிர் அறையில் எப்போதும் கம்பளிக் குல்லாயோடு இருப்பாள், தம்பி அவளுக்குக் குல்லாய்க்காரி என்று பெயர் வைத்திருந்தான். அவள்தான் வந்து டாக்டரம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள், டாக்டரம்மா முகம் மாறியது. விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் ஒரு சின்னக் கருவி ஒட்டியிருக்கிறது, உள்ளே எவ்வளவு குளிர் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் உங்கள் ஊர் லேபுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குளிர் ஒரு தரம்கூடக் குறையவில்லை என்று அவர்கள் பார்த்து, சரி ஏற்றலாம் என்று நெட்டில் உத்தரவு கொடுத்தால்தான் பையை வெளியே எடுக்கலாம். நெட் போனதும் கருவியில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. தொடர்பு போனாலும் மஞ்சள்தானாம், குளிர் போனாலும் மஞ்சள்தானாம். இது எந்த மஞ்சள் என்று எங்கள் ஊரில் ஒருவராலும் சொல்ல முடியாது. இப்போது தொட்டுப் பார்த்தால் குளிராகத்தான் இருக்கிறது, ஆனால் இடையில் கரண்ட் போய் வந்ததே, அப்போது கொஞ்சம் சூடாகி மறுபடி குளிர்ந்திருந்தால் உள்ளே இருப்பது செத்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது என்றாள் குல்லாய்க்காரி. தம்பியிடம் மறைக்கவேண்டாம் என்று டாக்டரம்மாவே சுவர் போனை எடுத்து அவனிடம் சொன்னார். அவன் கேட்டுவிட்டு, கையில இருக்கிற செல்லுக்கும் சிக்னல் இல்ல, பெட்டியில இருக்கிற செல்லுக்கும் சிக்னல் இல்லையா டாக்டர் என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது என்று நினைக்கிறேன்.

யாரிடம் போய்க் கேட்பது என்று அப்பாவும் நானும் யோசித்தோம். பாங்குக்கும் சில ஆபீசுகளுக்கும் மட்டும் நெட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதேபோல இந்த லேபின் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் போதும் என்று டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வெளியே ஒரே கூட்டம், ஒருவர் பையனுடைய பரீட்சைக்காக வந்திருந்தார், ஒரு கிழவர் பென்ஷனுக்காக, ஒரு பெண் பாலத்தில் போன பஸ்ஸில் தன் புருஷன் இருந்தாரா இல்லையா என்று தெரியாமல் வந்திருந்தாள். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம், அம்மா இந்த மாதிரி கோரிக்கையெல்லாம் இப்போ பேப்பரில வாங்குறதில்ல, இணையதளத்தில பதிவு பண்ணணும் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். அந்தக் கண்ணாடியில் மூக்குத்தாங்கி ஒருபக்கம் கோணியிருந்தது, என் கை சும்மா இருக்குமா, எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, அட, இப்போ சரியா இருக்கே என்றார். கடிதத்தின் மேல் ஏதோ எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மகனுக்காகப் போனவள் ஒரு மூக்குத்தாங்கியைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் அப்பா வேறு வழி யோசித்துவிட்டார். மலைக்கு அந்தப்பக்கம் அடுத்த மாவட்டம், அங்கே நெட் இருக்கிறது. பெட்டியைக் கொண்டுபோக முடியாது, ஆனால் அந்தச் சின்னக் கருவியைக் கழற்றலாம், நடந்ததெல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும், நெட் இருக்கிற இடத்தில் வைத்தால் தானாகவே லேபுக்கு அனுப்பிவிடும் என்று குல்லாய்க்காரி சொன்னாள். அப்பா லிஃப்ட் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டார், அவள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். வழியில் சோதனைச் சாவடி. வேனுக்குள் ஒயர், மீட்டர், ஸ்பானர், பேட்டரி, லிஃப்ட் மெக்கானிக் வண்டியில் வேறு என்ன இருக்கும், ஆனால் அவர்களுக்கு அதைப் பார்த்ததும் சந்தேகம். எல்லாவற்றையும் இறக்கி ரோட்டில் பரப்பினார்களாம். இந்தக் கருவி என்ன, எதற்கு விளக்கு எரிகிறது என்று கேட்டதற்கு அப்பா, இது எங்க பையனோட ரத்தம் சம்பந்தப்பட்டதுங்க என்று சொல்லியிருக்கிறார், அவர்களுக்கு அது இன்னும் சந்தேகமாகிவிட்டது. அப்புறம் போன்களை வாங்கிப் பார்த்தார்கள். குல்லாய்க்காரி போனில் அந்தப் பாலம் விழுகிற படம் இருந்தது. யாரோ அனுப்பியது, அவள் எடுத்தது இல்லை, ஊரில் யார் போனில்தான் அது இல்லை? அவளைத் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்கள். அப்பாவை மட்டும் போகலாம் என்றார்கள், அவர் போகவில்லை. அவளை விட்டுட்டுப் போனா கருவியை எப்படி வைக்கணும்னுகூட எனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னார், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுக்காக வந்த பெண்ணை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அன்று முழுக்க அங்கேயே இருந்தார்கள்.

இங்கே அதே நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் சுவர் போனில் பேசும்போது பல் கிட்டிக்கொண்டு பேசினான், கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து அக்கா எப்போ வந்தா என்று கேட்டான். நான் ஆமாடா, வந்திருக்கா என்றேன். டாக்டரம்மா என்னை வெளி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றுமே இல்லை, ரத்த அழுத்தம் இறங்குகிறது, இன்னும் காத்திருக்க முடியாது, இன்று ஏதாவது ஒன்றை ஏற்றியே ஆகவேண்டும் என்றார். ஏதாவது ஒன்று என்றால் இரண்டு இருக்கிறது. ஒன்று சரிசெய்து வந்தது, மஞ்சள் விளக்குப் பெட்டியில் இருப்பது. இன்னொன்று, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே அவனிடமிருந்து எடுத்து, சரிசெய்யாமல், அப்படியே ஆஸ்பத்திரி உறைபெட்டியில் வைத்திருந்த பழைய செல். அது நிச்சயம் நன்றாக இருக்கிறது, ஏற்றினால் பிழைத்துக்கொள்வான், ஆனால் பழைய வியாதியோடு பிழைப்பான். புதியது உயிரோடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், செத்திருந்தால் அது தெரிய வருவதற்குள் அவன் இருக்கமாட்டான். ரெண்டையும் சேர்த்துக் குடுத்துடுங்களேன் என்று கேட்டேன், எந்தத் தாயும் கேட்பதுதானே. பழசும் புதுசும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், புதுசு நிலைக்கிறது சந்தேகம்தான், அதோடு உத்தரவு வராத பையைத் திறக்க எனக்கு அனுமதி இல்லம்மா, ஆனாலும் நீங்க கேட்டா அந்தப் பொறுப்பை நான் ஏத்துக்கிறேன் என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது, வீட்டுக்குப் போய் எத்தனை நாளோ. நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர் என்று கேட்டேன். அது நீங்கதாம்மா சொல்லணும் என்றார். அப்பாவைக் கேட்க வழியில்லை, உன்னைக் கேட்க வழியில்லை. தம்பியைக் கேட்டேன், கண்ணாடியில் தட்டி, போனைக் காட்டி, எடுக்கச் சொன்னேன். எடுத்து, என்னம்மா என்றான். புதுசா, பழசா என்றேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, நீயே சொல்லும்மா, எனக்குத் தூக்கம் வருது என்றான். நான் டாக்டரம்மாவிடம் திரும்பி, பழசையே குடுத்துடுங்க என்றேன். சொல்ல ஒரு வினாடி ஆகியிருக்கும். கடையில் ஒருவர் கறுப்பு பிரேமா பழுப்பு பிரேமா என்று கேட்டால் சொல்வேனே, அதே குரலில் சொன்னேன்.

ஏற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு சின்னப் பை, வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்கி, ஊசி வழியாக இறக்கினார்கள், ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம்தான், முடிந்துவிட்டது. அந்தச் செல்லைக் கெடாமல் வைக்கிற மருந்தின் வாசனை அவன் மூச்சில் வரும் என்று நர்ஸ் சொன்னாள், கதவு திறந்தபோது வராந்தா வரைக்கும் வெந்த சோளம் மாதிரி அடித்தது. எனக்கு அந்த நேரத்தில் பசி எடுத்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எடுத்தது.

மறுநாள் அப்பா வந்தார். படிக்கட்டில் ஓடிவருகிற சத்தத்திலேயே தெரிந்தது, லிஃப்ட்டுக்காகக்கூட நிற்கவில்லை. சட்டையெல்லாம் அழுக்கு, கையில் ஒரு தாள். சாயங்காலம் அவளை விட்டிருக்கிறார்கள், மலைக்கு அந்தப்பக்கம் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கருவியை வைத்ததும் விளக்கு பச்சையாகிவிட்டது, ஒரு நிமிஷம்கூட குளிர் குறையவில்லை, நன்றாக இருக்கிறது, ஏற்றலாம் என்று லேபிலிருந்து பதில் வந்தது, அதையே தாளில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார், அந்த அவசரத்தில் உனக்கு ஒரு வரி போடக்கூடத் தோன்றவில்லையாம். மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் நான், குடுத்தாச்சுங்க என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. குடுத்தாச்சா, டாக்டர் துணிஞ்சுட்டாங்களா என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார், உங்க அப்பா அப்படிச் சிரித்து நான் உங்கள் இரண்டு பேர் பிரசவத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே நான் சொல்லவேண்டியிருந்தது. எதைக் குடுத்தோம் என்று சொன்னேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார், கண்ணாடி வழியாகத் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், காய்ச்சல் இறங்கியிருந்தது, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நல்லா தூங்குறான் என்றார். அப்புறம் கீழே போனார், வெகுநேரம் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இது மூணாவது மாடியில உதைச்சுக்கிட்டு நிக்குது, ஸ்ட்ரெச்சர்ல இருக்கிறவங்களுக்கு ஆபத்து என்றார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவெல்லாம் உருண்டு போகாமல் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நல்லபடியாக என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். செல் பிடித்துக்கொண்டது, கண்ணாடி அறையிலிருந்து சாதாரண அறைக்கு, அங்கிருந்து வீட்டுக்கு வந்தான். போன வாரம் பழையபடி ரத்தம் ஏற்றப் போனோம். அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே நர்ஸ். அவள் ஊசியைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். இவன்தான், என்ன சிஸ்டர், புது ஆளா திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன், அதே ஆளே வந்துட்டேன், இடம் இருக்கா என்றான். மருந்தை மறுபடி கொடுத்து மறுபடி காலிபண்ணி அந்தப் புதியதை ஏற்றமுடியாதா என்று அப்பா டாக்டரம்மாவைக் கேட்டார். அவன் ஈரலும் நுரையீரலும் அதை இன்னொரு தரம் தாங்காது, இவ்வளவு கடுமையில்லாத வழி ஏதோ கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள், வந்தால் பார்க்கலாம், எப்போது என்று என்னால் சொல்லமுடியாது என்றார். புதியது இன்னும் அந்தப் பெட்டியிலேயேதான் இருக்கிறது. நீ சேர்த்துவிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று நீ உட்கார்ந்து உன்னையே தின்றுகொண்டிருப்பாய், வேண்டாம் கண்ணு. நீ கொடுத்தது சரியாகத்தான் வந்தது. சொன்ன நாளில் வந்தது, சொன்ன குளிரில் இருந்தது. கெட்டது அது இல்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். வேலைக்குப் போகிறேன். லென்ஸ் ஆர்டர் எல்லாம் நெட்டில்தான் என்பதால் நின்றுபோயிருந்தது, இப்போது மொத்தமாக வந்து குவிந்திருக்கிறது, முதலாளி டீ குடிக்கக்கூட விடுவதில்லை, அதுவும் நல்லதுதான். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை, அப்பா சொன்னால்தான் தெரிகிறது, அவரும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. அன்றைக்கு ஒருநாள் கையில் இடுக்கி பட்டு நகம் பெயர்ந்தது, ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தேன். மாடிவீட்டு அண்ணி டாக்டரிடம் போகச் சொல்கிறாள். நீ சரியாத்தான் முடிவு பண்ணினே, புள்ள உயிரோட இருக்கான்ல என்று அவள் தினம் ஒரு தடவை சொல்கிறாள். ஆமாம் என்று நானும் தினம் ஒரு தடவை சொல்கிறேன். குல்லாய்க்காரியைத்தான் நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது, வாராவாரம் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் படம் யார் அனுப்பியது என்று ஒவ்வொரு தரமும் கேட்கிறார்களாம். மெசேஜை எப்போதோ அழித்துவிட்டாள், படம் மட்டும்தான் போனில் இருந்தது, தெரியாது என்கிறாள். தெரியாதாமா, நம் தம்பியேதான் அவளுக்கு அனுப்பியிருக்கிறான். அதை அவன் என்னிடம் சொன்ன அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னான்.

வக்கீல் ஒருவர், டயர் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருக்கிறார், இப்படி ஊரையே வாயடைத்து வைத்ததால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லுங்கள், கோர்ட்டில் கேட்போம் என்று கூப்பிட்டிருக்கிறார், நான் போறேன் என்றான். போகாதே என்றேன், உயிர் தப்பி வந்திருக்கிறாய், பேசாமல் இரு என்றேன். அவன் கத்தவில்லை. அவ எனக்காகத்தாம்மா அந்த வேன்ல ஏறினா, இப்போ என் பேரைச் சொல்லாம தினமும் பயந்துக்கிட்டிருக்கா, நான் பேசாம இருக்கணுமா என்றான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், வாங்க, மூணு பேரும் போகலாம் என்றார். போனோம். ரப்பர் நாற்றம், நீள பெஞ்சு, பாலத்தில் போனவர்களுடைய ஆட்கள்தான் அதிகம். மாவட்ட அலுவலகத்தில் பார்த்தேன் என்றேனே, புருஷனைத் தேடி வந்தவள், அவளும் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் வைத்திருந்தவர்களின் படத்தை நெட்டில் போட்டிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன், நான் கண்டுபிடித்துப் போவதற்குள் புதைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து, உங்களுக்கு என்ன இழப்பு என்று கேட்டாள். என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அந்தப் பெஞ்சில் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், நான் எந்த வாயால் இழப்பு என்று சொல்வது? தம்பிதான் பேசினான். நான் செத்துப்போகலைங்க, ஆனா மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்தவங்க ரத்தத்தில ஓடாம என் ரத்தத்திலேயே ஓடுற ஒருத்தனா நான் ஆகியிருக்கணும், அவன்தான் இல்லாமப் போயிட்டான், அதை எழுதிக்கோங்க என்றான். அந்தப் பெண் அதை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அப்படியே அடித்தாள். பாலத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் எழுந்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது, இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள். அப்பா கொண்டுவந்த தாள் செல்லாதாம், ஜெராக்ஸ் கடையில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லுமாம். லேபிலிருந்தே கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அதோடு, அந்தச் செல் என்ன, அதை ஏற்றியிருந்தால் தம்பிக்கு என்ன ஆகியிருக்கும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் ஜட்ஜுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரவேண்டும் என்கிறார் வக்கீல். இதையே படித்தவள் நீதானே, நீ எழுது. உன் பெயரைப் போட்டே எழுது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது உன்னை ஏதாவது கேட்பார்களோ என்று எனக்குப் பயம் இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் எழுது. போனில் அனுப்பாதே, தபாலில் அனுப்பு. எனக்கு விளக்குகிற மாதிரி எழுது, பெரிய வார்த்தை வேண்டாம். எழுதும்போது என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. சந்தேகமாக இருந்தது, இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று இழுக்காதே. அம்மா தாங்கமாட்டாள் என்று நினைப்பாய், தாங்குவேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, தனியாக அழாதே, யாராவது சிநேகிதியைக் கூட்டி வைத்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல், உன் கை தொட்ட வேலையெல்லாம் துலங்கி, நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும். தம்பி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான், அப்பாவும்தான். லேப் கடிதத்தை மறந்துவிடாதே. நான் வேண்டாம் என்று சொன்ன அந்தக் காலையில் பெட்டியில் இருந்தவை உயிரோடுதான் இருந்தன என்று எழுது. அப்படியே எழுது.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கிற
அம்மா